வளையம் மேலே இருக்கட்டும்

இன்று காலை பட்டறையில் ஒரு கடப்பாக் கல்லின் மேல் தண்ணீர் ஊற்றினேன். நனைந்த கல்தூளின் வாசனை வந்தது. கருப்புக்குள்ளிருந்து சாம்பல் நிற வளையங்கள் மெல்ல எழும்பின. "வந்துருச்சு பாருடி" என்று சொல்ல நீ இல்லை.

நாம் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள். நான் பத்தாவதுக்கு முன்பே பள்ளியை விட்டுவிட்டுப் பொம்மிடியில் இந்தக் கல் பட்டறைக்கு வந்தேன். நீ பிறகு கல்லைப் பற்றிப் படிக்க ரயிலேறிச் சேலம் போனாய். உலகத்தின் முதல் உயிர்களின் தடயம் வேண்டும் என்று என்னைச் சித்தேரி மலைக்கு இழுத்துப் போனாய். பை நிறையக் கற்களைப் பொறுக்கி வந்தோம். அதைக் காலேஜில் காட்டிவிட்டு முகம் தொங்கத் திரும்பினாய்.

"அத்தனையும் வெறுங்கல்லாம்டி. நம்ம மலை ரொம்பக் கெழவி. பூமிக்குள்ள கெடந்து வெந்ததுல, பழசு ஒண்ணுமே ஞாபகமில்லியாம்."

நான் வாய்விட்டுச் சிரித்தேன். உன் முன்னால் மட்டும்தான் எனக்கு அப்படிச் சிரிக்க வரும்.

ஒரு ஞாயிறு, கோயில் பூசை முடிந்து பட்டறைக்கு வந்தாய். ஆந்திராவிலிருந்து வரும் கடப்பாக் கல்லில் வளையம் விழுந்ததை இங்கே கறைக்கல் என்பார்கள். வாங்குபவர்களுக்கு ஒரே கருப்பாக இருக்க வேண்டும். அதனால் வளையம் சுவரைப் பார்க்கும்படி சாய்த்து வைப்போம். பதிக்கும்போதும் அந்தப் பக்கத்தைக் கீழே போடுவார்கள். நீ ஒன்றைத் திருப்பிப் பார்த்துவிட்டு அப்படியே மண்டியிட்டாய்.

"அடிப்பாவி! இத ஏன்டி செவுத்தப் பாத்து வெச்சிருக்கீங்க?"

மீனும் புல்லும் வருவதற்கு வெகுகாலம் முன்பு, ஆழமில்லாத கடலில் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் பாசிபோலப் படர்ந்திருந்தன என்றாய். மேலே மண் படிய, அவை வெளிச்சத்தைத் தேடி இன்னும் மேலே ஏறின. மறுபடி மண், மறுபடி ஏற்றம். அந்த அடுக்குகள்தான் இந்த வளையங்கள். "எலும்புகூட இல்லாத காலம்டி. செத்தும் வெளிச்சத்தப் பாத்துதான் நிக்குதுங்க."

அதன்பின் உடைந்த துண்டுகளை எல்லாம் சிமெண்டுப் பையில் சேர்த்தோம். ஓனரிடம் கேட்பது நீதான். "நீயே கேளேன், வாயில என்ன கொழுக்கட்டையா?" என்று என்னைக் கிள்ளுவாய். நான் கேட்டதே இல்லை.

பிறகு உனக்கு ஒரு காய்ச்சல் வந்தது. பரீட்சை வரைக்கும்கூட நீ இருக்கவில்லை.

உன் கல்லறைக்குக் கல் வாங்க உன் அம்மா பட்டறைக்கு வந்தார்கள். ஓனர் வழுவழுப்பான கருப்புக் கல்லைக் காட்டினார். நான் அம்மாவின் கையைப் பிடித்துச் சுவரோரம் கூட்டிப்போய், பெரிய கறைக்கல் ஒன்றின் மேல் தண்ணீர் ஊற்றினேன். உன் ஜன்னலில் நீ அடுக்கி வைத்திருந்த துண்டுகளைப் பார்த்தவர்கள்தானே. அழுதுகொண்டே, "இதுவே போதும் கண்ணு" என்றார்கள்.

கல் பதிக்கும் அன்று லீவு சொல்லிவிட்டுக் கல்லறைத் தோட்டத்துக்கு ஓடினேன். உன் அம்மா தண்ணீர் பிடிக்கக் குழாய்க்குப் போயிருந்தார்கள். சிமெண்ட் பரப்பியாகிவிட்டது. மேஸ்திரியும் இன்னொருவரும் கல்லைத் தூக்கியிருந்தார்கள், வளையம் கீழே. அது கைப்பழக்கம். சிமெண்ட் பிடித்துவிட்டால் பிறகு பெயர்க்க முடியாது. நீ பக்கத்தில் நின்று கிள்ளுவது போலிருந்தது.

"அண்ணா, திருப்பிப் போடுங்க!"

"அது கறைப் பக்கம் பாப்பா. சாமிகிட்டப் போன புள்ளைக்குச் சுத்தமா இருக்க வேணாமா?"

"கறை இல்லீங்க. அதத்தான் அவ தேடிட்டிருந்தா. அது வெளிச்சத்தப் பாக்கணும்ங்க."

அத்தனை சத்தம் என்னிடம் இருந்தது எனக்கே தெரியாது. குடத்தோடு வந்த அம்மா, "புள்ள சொல்றாப்ல போடுங்க மேஸ்திரி" என்றார்கள். "கல்லு கனம் தெரியாம ஆளாளுக்குப் பேசறீங்க" என்று முனகிக்கொண்டே அவர் திருப்பினார்.

உன் துண்டு ஒன்று என் சாப்பாட்டுப் பையில் எப்போதும் இருக்கிறது. பட்டறையில் யாராவது "இது என்னாம்மா கறை?" என்று கேட்டால், இப்போது நானே சொல்கிறேன். குரல் கொஞ்சம் நடுங்கத்தான் செய்கிறது.

காய்ந்திருக்கும்போது உன் கல் வெறும் சாம்பலாகத்தான் கிடக்கிறது. மழை பெய்தால் வளையங்கள் தானே எழும்பும். மழையில்லாத நாட்களில் நான் ஒரு குடம் தண்ணீர் கொண்டுவருகிறேன்.