நீலம் என்று எழுதினேன்

1961 ஜூலை 10, திங்கள்
காலையிலிருந்தே காற்று. அடுப்படி முழுக்கப் புழுதி. இன்று முதல் நான் பள்ளிக்கூட வேலைக்கு லீவு. வயிற்றில் ஏழு மாதம் முடிந்தது.

டாக்டரம்மா சொன்னது, மறக்காமலிருக்க:
குழாயில் நீல மருந்து. எட்டுச் சொட்டு சிறுநீர். விளக்கில் காய்ச்ச வேண்டும்.
நீலமாகவே இருந்தால் சர்க்கரை இல்லை. பச்சை, கொஞ்சம். மஞ்சள், அதிகம். செங்கல் நிறம், மோசம்.
தினமும் நோட்டில் குறிக்க வேண்டும். (அது வேறு நோட்டு. வீட்டுக்காரர் பார்ப்பார். இது பெட்டிக்குள் இருக்கும்.)

இன்று பச்சை.

காலை ஊசி அவர் போடுகிறார். மாலை ஊசி நானே. பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறவர், மருந்தின் அளவை மூன்று தடவை சரிபார்க்கிறார், பாவம். மருந்துப் புட்டி சூடு படாமல் ஈர மணல் பானையில்.

அத்தைக்கு ஊசியே பிடிக்கவில்லை. மகனிடம் சொன்னது காதில் விழுந்தது: "மொதப் பிள்ளை ஊசி இல்லாமப் போச்சு. இது ஊசியாலயே போயிரும், பாரு."

ஜூலை 13, வியாழன்
பூசை முடிந்து எல்லாரும் போன பிறகு கல்லறைப் பக்கம் போனேன். வேலிக்கு உள்ளே இல்லை, வெளியே. முதல் பையன் அங்கேதான். பத்து பவுண்டு இருந்தான். ஒன்பதாம் மாதம் முடிகிற நேரத்தில் அசைவு நின்றது, செத்தே பிறந்தான். ஞானஸ்நானம் இல்லை, அதனால் உள்ளே இடம் இல்லை. சிலுவையும் இல்லை. எனக்குச் சர்க்கரை வியாதி என்று அதற்குப் பிறகுதான் கண்டுபிடித்தார்கள்.

ஆடு மேய்ந்துகொண்டிருந்தது. விரட்டவில்லை. பக்கத்தில் இன்னொன்றுக்கு இடம் இருக்கிறதா என்று பார்த்தேன். பார்த்துவிட்டேன், அதை எழுதாமல் என்ன.

ஜூலை 24, திங்கள்
திருச்சி ஆஸ்பத்திரி. பஸ்ஸில் இரண்டு முறை வாந்தி. கடைசி மாதம் வரை விட்டால் வயிற்றிலேயே போய்விடுமாம். அதற்கு முன்பே ஆப்பரேஷன் செய்து எடுப்பார்களாம். பிள்ளை உயிரோடு வருமா என்று கேட்டேன். டாக்டரம்மா பேனாவை மூடிவிட்டுச் சொன்னார்: "உயிரோட குடுக்கத்தான் பாக்குறேன்மா. வாக்குக் குடுக்க மாட்டேன்."

பொய் சொல்லாத பெண்.

துணி எதுவும் தைக்கவில்லை. பெயரும் யோசிக்கவில்லை.

ஆகஸ்ட் 19, சனி
ஆஸ்பத்திரி. பென்சில்தான் கிடைத்தது. புதன்கிழமை ஆப்பரேஷன். பெண். ஒன்பதரை பவுண்டு. உயிரோடு.

பிறந்ததும் உடம்பெல்லாம் உதறியதாம். சர்க்கரைத் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட்டார்களாம். பிழைக்காதோ என்று நர்ஸே தலையில் தண்ணீர் ஊற்றி ஞானஸ்நானம் கொடுத்துவிட்டாள். பெயர் கேட்டபோது அவருக்குச் சொல்லத் தெரியவில்லை, நர்ஸ் தன் பெயரையே வைத்தாள். ரீத்தா.

உதறல் இப்போது இல்லை. இனிப் பயமில்லை என்கிறார்கள். அவர் அழுதார். எனக்கு வரவில்லை. தையல் வலி. வேறு எதுவும் இல்லை.

செப்டம்பர் 6, புதன்
வீடு. மழை வரும்போல் இருந்து வரவில்லை. பிள்ளை பார்க்க ஆட்கள். பால், சோப்பு, ஒரு கவுன். "மூணு மாசத்துப் பிள்ளை கணக்கா இருக்கு" என்று எல்லாரும் ஒரே பேச்சு.

பஸ்ஸில் யாரோ கொஞ்ச நேரம் வைத்துக்கொள்ளச் சொன்ன பிள்ளையைப் போல மடியில் வைத்திருக்கிறேன். எந்த ஊரில் இறங்கிக் கேட்பார்கள் என்று தெரியவில்லை.

தூக்கம் இல்லை. பிள்ளை தூங்கும்போதும் இல்லை. சாப்பாடு மண். குழாயில் மஞ்சள்.

செப்டம்பர் 14, வியாழன்
மாலை ஊசி போட்டுக்கொள்ளவில்லை. மருந்தைப் புழக்கடையில் பீய்ச்சிவிட்டேன். இவ்வளவு சுலபமா.

கிணற்றில் விழுந்தால் பாவம், வேலிக்கு வெளியே போடுவார்கள். இது நோய். யாரும் ஒரு வார்த்தை சொல்ல மாட்டார்கள். உள்ளேதான் புதைப்பார்கள். ஆனால் எனக்கு வெளியேதான் இடம் வேண்டும், அவனிடம். இதை யாரிடம் சொல்வது.

செப்டம்பர் 18, திங்கள்
அவருக்குப் பரீட்சை வேலை. காலை ஊசியையும் நானே போட்டுக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டேன். நம்பினார்.

செங்கல் நிறம். நோட்டில் நீலம் என்று எழுதினேன். மூன்று நாளாக நீலம். பார்த்துச் சந்தோஷப்பட்டார். அதுதான் தாங்கவில்லை.

தாகம். ரவிக்கை தொளதொள. பிள்ளைக்குப் பால் போதவில்லை, அத்தை ஆட்டுப்பால் காய்ச்சுகிறார்.

செப்டம்பர் 27, புதன்
ஆஸ்பத்திரி. ஒரு வாரம் கழித்து எழுதுகிறேன். கை இன்னும் சரியில்லை.

போன புதன் மதியம் அவர் பள்ளிக்கூடத்திலிருந்து பாதியில் வந்தார். தண்ணீர்ப் பானை காலையிலேயே காலியானதை அத்தை சொல்லி அனுப்பியிருக்கிறார். நான் வாந்தி எடுத்துக் கிடந்தேன். அவரே விளக்கைப் பற்றவைத்துக் காய்ச்சினார். செங்கல் சிவப்பு. நோட்டைத் திறந்தார். மூடினார். கட்டிலோரம் தரையில் உட்கார்ந்தார்.

"எனக்கு இந்தப் பிள்ளை மேல ஒண்ணுமே வரலைங்க" என்றேன்.

"வராட்டிப் போகுது பிலோமி. நீ இருந்தாப் போதும்" என்றார்.

அதற்குப் பிறகு வாடகைக் கார், ஆஸ்பத்திரி. பாதிதான் ஞாபகம். இரண்டு நாள் நினைவில்லையாம்.

டாக்டரம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன், ஊசியைப் பீய்ச்சியதையும். பிள்ளை பெற்றவர்களில் சிலருக்கு இப்படி வருமாம். பைத்தியமில்லையாம், கொழுப்புமில்லையாம். அதற்கு மருந்து இருக்கிறதா என்றேன். தூங்க மாத்திரை தருகிறேன், மற்றதற்கு என்னிடம் இல்லை என்றார். தனியாக விடக்கூடாது என்று அவரிடம் சொன்னார். சாமியாரிடம் பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்யட்டுமா என்று கேட்டேன். "மொதல்ல தூங்குங்க" என்றார்.

செப்டம்பர் 30, சனி
வீடு. அத்தை பிள்ளையைத் தன் பக்கத்திலேயே போட்டுக்கொள்கிறார். என்னிடம் கொடுப்பதில்லை. பிள்ளையை நான் ஒன்றும் செய்ய மாட்டேன் என்று சொன்னேன். தெரியும் என்றார். கொடுக்கவில்லை. அதில் எனக்கு நிம்மதி. நிம்மதியாக இருப்பது இன்னும் மோசம்.

அக்டோபர் 2, திங்கள்
விடுமுறை. மழை. கொடியில் எதுவும் காயவில்லை. இரண்டு வேளை ஊசியும் அவர்தான், புட்டியைப் பூட்டி வைத்திருக்கிறார். இன்று பச்சை. அவரே எழுதினார்.

பிள்ளை அவரைப் பார்த்துச் சிரித்தது. என்னிடம் கொண்டுவந்து காட்டினார். சிரிக்கிறது என்று தெரிந்தது. அவ்வளவுதான்.

நாளைக்கும் ஊசிக்குக் கை நீட்டுவாயா என்றார். நீட்டுவேன் என்றேன். நாளை மறுநாள் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று எனக்கே தெரியவில்லை.