அக்கா எழுதிய நோட்டு

மார்ச் 3

அன்புள்ள அக்கா,

நலம் என்று எழுதினால் டாக்டரம்மா சிரிப்பார். பேசினால் பிரஷர் ஏறுகிறதென்று போனை வாங்கி வைத்துவிட்டார்கள். பார்க்கவும் யாரையும் விடுவதில்லை. அதனால்தான், நீ வாசலில் கொடுத்துவிட்டுப் போகும் சாப்பாட்டுக் கூடையிலேயே இந்தக் கடிதம்.

இங்கே ஆறு பேர், ஆறு விதச் சிக்கல். பக்கத்துக் கட்டில்காரிக்கு இரட்டைப் பிள்ளை. "எனக்கு உள்ளேயே சண்டை ஆரம்பிச்சிடுச்சு" என்கிறாள்.

எனக்குத்தான் ஒன்றும் புரியவில்லை. இங்கே பிரஷர் நூற்றைம்பதுக்கு மேலேயே நிற்கிறது. வீட்டில் நீ இரண்டு வேளையும் பார்த்து எழுதிய நோட்டில் ஒரு நாள்கூட நூற்று முப்பதைத் தாண்டவில்லை. டாக்டரம்மா புரட்டிப் புரட்டிப் பார்த்தார். "சிலருக்கு ஆஸ்பத்திரிக்கு வந்தா மட்டும் ஏறும்மா. பயம்தான்" என்றார். போன தடவை ஏழாம் மாதத்தில் பறிகொடுத்தவள் பயப்படாமல் என்ன செய்வாள்?

உன் தங்கை

மார்ச் 4

என் குட்டிக்கு,

டாக்டர்கள் பார்த்துக்கொள்வார்கள், நீ மண்டையைப் போட்டு உடைத்துக்கொள்ளாதே. நம் மெஷின் பழசு, அதை ரொம்ப நம்ப வேண்டாம் என்று சொல். கூடையில் வைத்திருக்கிறேன், காட்டு. நேற்று பாதிச் சாப்பாடு திரும்பி வந்தது. அதை யாருக்காக மிச்சம் வைத்தாய்?

கப்பலிலிருந்து உன் வீட்டுக்காரர் பேசினார். நன்றாக இருக்கிறாய் என்று சொல்லிவைத்தேன்.

அக்கா

மார்ச் 5

அன்புள்ள அக்கா,

நம் மெஷினையும் அவர்களுடையதையும் மாற்றி மாற்றிக் கட்டிப் பார்த்தார்கள். இரண்டும் ஒரே எண்ணைக் காட்டின. மெஷின் மேல் தப்பில்லை, பயம்தான் என்று முடிவாகிவிட்டது. நாளை வீட்டுக்கு அனுப்புகிறார்கள்.

ஆனால் காலையிலிருந்து தலை பிளக்கிறது. கண்ணில் பூச்சி பறக்கிறது. சொன்னால் மறுபடியும் பயம் என்பார்கள் என்று சொல்லவில்லை. என் உடம்பை நம்புவதா, உன் கையெழுத்தை நம்புவதா? யோசித்து யோசித்துக் குழம்பிவிட்டேன். கடைசியில் உன் கையெழுத்தைத்தான் நம்புகிறேன்.

தங்கை

மார்ச் 5, மதியம்

குட்டி,

இதை உடனே டாக்டரிடம் கொடு. தலைவலியையும் கண்ணையும் சொல். வீட்டுக்கு வராதே.

நோட்டில் இருப்பது பொய். முதல் நாள் நூற்று நாற்பத்தெட்டு காட்டியது. நீ என் முகத்தையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தாய். வாயில் நூற்று இருபத்தெட்டு என்று வந்துவிட்டது. உன் முகம் தெளிந்தது. பயந்தால் இன்னும் ஏறுமே என்று தினமும் மெஷினை என் பக்கம் திருப்பி வைத்து, இருபது குறைத்துச் சொன்னேன். அப்படியே எழுதினேன். நோட்டில் உள்ள ஒவ்வொரு எண்ணோடும் இருபதைக் கூட்டிக்கொள்ளச் சொல்.

காவலாளி உள்ளே விட மறுக்கிறார். நர்ஸ் கையில் கொடுத்துவிட்டு வாசலிலேயே நிற்கிறேன். 

அக்கா

மார்ச் 8

அக்கா,

பெண் குழந்தை. ஒரு கிலோ நானூறு. கண்ணாடிப் பெட்டியில் இருக்கிறாள். இப்போதைக்கு எதுவும் சொல்ல முடியாது என்கிறார்கள்.

உன் கடிதத்தை டாக்டரம்மாதான் முதலில் படித்தார். அன்று மாலையே ஆபரேஷன். இன்றுதான் அதை என் கையில் கொடுத்தார். "இது வராம இருந்திருந்தா வீட்ல வச்சு வலிப்பு வந்திருக்கும்" என்றார். "அந்த நோட்டு இல்லாம இருந்திருந்தா முன்னாடியே அட்மிட் பண்ணியிருப்போம்" என்றும் அதே மூச்சில் சொன்னார். உன்னைத் திட்டுவதா, கும்பிடுவதா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. ஒரு மணி நேரம் திட்டுகிறேன், அடுத்த மணி நேரம் நீ சாப்பிட்டாயா என்று நினைக்கிறேன்.

குழந்தை இருக்கும் அறைக்குள் போக இரண்டு பேருக்குத்தான் அனுமதி. ஒன்று நான். இன்னொருவர் யார் என்று கேட்டார்கள், உன் பெயரைக் கொடுத்திருக்கிறேன். எனக்கு இன்னும் எழுந்து நடக்க முடியவில்லை. நீ போய்ப் பார்த்துவிட்டு என்னிடம் வா, இப்போது என்னைப் பார்க்கவும் விடுகிறார்கள். அந்தப் பெட்டியில் என்ன எண் காட்டுகிறதோ அதை அப்படியே சொல். பயந்தால் பயந்துவிட்டுப் போகிறேன்.

தங்கை