அன்று விடாத சொட்டு மருந்து

இன்று என் கண்ணில் சொட்டு மருந்து விட்டார்கள். அந்த எரிச்சலோடு நீயும் வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாய்.

புதுச்சேரியில் அன்று நாம் வந்த அதே கண் ஆஸ்பத்திரிதான். கண்ணுக்குள் ஓடும் ரத்தக் குழாய்களைப் படம் பிடித்து, ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு என்று சொல்லும் அதே மிஷின். அன்று கேட்காததை இன்று கேட்டேன், எப்படித் தெரியும் என்று.

"ஆக்சிஜன் இருந்தா ரத்தம் நல்ல சிவப்பு, இல்லன்னா கருத்துப்போகும். அந்த நிற வித்தியாசத்தைத்தான் மிஷின் அளக்குது" என்றார் டாக்டரம்மா.

நீ செய்த வேலைதானே இது. கல்யாணமான மறுவருடம் கள்ளக்குறிச்சியில் புளிக்கடை போட்டோம். கல்வராயன் மலையிலிருந்து மூட்டை வந்து இறங்கும். பிரித்ததுமே சொல்லிவிடுவாய்: "இது புதுசு, செவப்பு. அது போன வருசத்துது, கருத்துப்போச்சு. கலந்து ஏமாத்தறானுங்க." கடை நின்றது உன் கண்ணால்தான்.

மூன்று வருடத்துக்கு முன்பு, சர்க்கரை உன் கண்ணைத் தொட்டுவிட்டதா என்று பார்க்கத்தான் இங்கே வந்தோம். நர்ஸ் மருந்தைத் திறந்த நேரம் போன் வந்தது. கடை வாசலில் லோடு நிற்கிறது. நீ கையை நீட்டித் தடுத்தாய்.

"இன்னாம்மா, இத்த வுட்டா எத்தினி நேரம் மங்கும்?"

"சாயங்காலம் வரைக்கும்."

"அப்ப சரக்க யாரு பாக்கறது? இவுரா? இவுருக்குப் புளியும் புண்ணாக்கும் ஒண்ணு."

நர்ஸ் சிரித்தாள், நானும் சிரித்தேன். பிறகு நீ என் முகத்தைப் பார்த்தாய். "அடுத்த வாரம் வரலாம்" என்று முதலில் எழுந்தது நான்தான்.

ஊர் திரும்பித் தார்ப்பாயைத் தூக்கியதும் சொன்னாய்: "அத்தினியும் கருப்பு. திருப்பி அனுப்புங்க." லாரி வந்த வழியே போனது. அதற்காகத்தான் மருந்து விடாமல் திரும்பி வந்தோம்.

அடுத்த வாரம் வேறு லோடு. சீசன் முடிவதற்குள் ஒரு நாள் எழுந்து, "இன்னாங்க, இன்னும் விடியலியா?" என்றாய். வீடு முழுக்க வெயில். ஒரு கண் முன்பே போயிருந்ததை நீ சொல்லவே இல்லை. பிறகு கிட்னி போனது. பிறகு நீ.

துக்கம் கேட்க வந்தவர்களிடம், மருந்து வேண்டாமென்று நீ பிடிவாதம் பிடித்ததாகச் சொன்னேன். இன்றுவரை அப்படித்தான் சொல்கிறேன்.

டாக்டரம்மா என் படத்தைக் காட்டினார். "நல்ல சிவப்பா இருக்கு, பயமே வேணாம்." மருந்தின் மங்கலில் எனக்கு எதுவும் தெரியவில்லை. கூட யார் வந்திருக்கிறார்கள் என்று கேட்டார். யாருமில்லை என்றேன்.

நல்ல கண்ணாம். எழுந்திருக்கலாமா என்று நீ என் முகத்தைப் பார்த்த அந்த ஒரு நொடியைத் தவிர, அதில் எதுவும் நிற்கவில்லை.