உங்கள் மேசை லாச்சியில் இருந்த நகப்பூச்சு

நானா,

இந்தக் குப்பியைத் திறந்தால் அதன் வாடை அறை முழுக்கப் பரவிவிடுகிறது. கடும் சிவப்பு நகப்பூச்சு. பாதிக்கு மேல் தீர்ந்துவிட்டது, மிச்சம் அடியில் கெட்டியாகிக் கிடக்கிறது. குண்டசாலையில் என் வீட்டு அலுவலக அறையில், கணினி மேசைமேல், பிரிண்டருக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். போன கிழமை உங்கள் மனைவி என் கையில் தந்தது. ஏன் தந்தார் என்று சொல்வதற்கு முன்னால், நீங்கள் இருந்த காலத்தில் உங்களிடம் சொல்லாத ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நான் உங்களை நம்பவில்லை. அதில் ஒரு பங்கை நீங்களே கண்டுபிடித்துவிட்டீர்கள். மிச்சத்தை இப்போது நான் சொல்கிறேன்.

உங்களுக்கு என்னைவிட நான்கு வயது குறைவு. இருந்தும் திகனக் கடைவீதியில் எல்லோரும் கூப்பிட்டது போல நானும் நானா என்றே கூப்பிட்டேன். நீங்கள் என்னை மிஸ் என்றீர்கள். நான் பள்ளிக்கூடத்து மிஸ் அல்ல, நீதிமன்றத்தில் சத்தியம் செய்த மொழிபெயர்ப்பாளர் என்று திருத்தினேன். அப்போதும் மிஸ்தான்.

என் தொழிலில் பாதி சந்தேகம். சிங்களத்தில் ஒரு பெயரும் தமிழில் இன்னொரு பெயருமாகப் பிறப்புச் சான்றிதழ் வரும். திகதியில் யாரோ சுரண்டி எழுதிய தடம் இருக்கும். வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்காமல் நான் எதிலும் முத்திரை வைப்பதில்லை. யார் யாரை விவாகரத்துச் செய்தார், யார் யாருடைய பிள்ளையைத் தத்தெடுத்தார் என்ற இருபது வருட விவரமெல்லாம் என் கணினிக்குள் இருந்தது. தெல்தோட்டையில் தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்து, கண்டி நீதிமன்ற வாசலில் ஒரு மேசை பிடிக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். அந்தக் கணினியிலிருந்து ஒரு கடதாசி வெளியே போனால் என் முத்திரையும் போய்விடும், அந்த மனிதர்களின் மானமும் போய்விடும்.

அந்தக் கணினிதான் ஒருநாள் படுத்துவிட்டது. ஒரு கோப்பைத் திறக்கச் சொல்லிவிட்டுப் போய் பிளேன்டீ ஊற்றிக் குடித்துவிட்டு வரலாம், அப்போதும் திறந்திருக்காது. பக்கத்துச் சட்டத்தரணியின் கிளார்க் தம்பிதான் உங்களைப் பற்றிச் சொன்னார். "திகனயில ஒரு நானா இருக்காருங்க மிஸ். லினக்ஸ்னு ஒண்ணு போட்டுத் தர்றாரு. பழைய மெஷினும் நல்லா ஓடுது. சிஸ்டம் சும்மாவாம்."

அந்தச் ‘சும்மா’வில்தான் எனக்குப் பொறி தட்டியது. கணினியை எடுத்துக்கொண்டு வராமல் வெறும் கையோடு வந்து உங்களை விசாரித்தேன். நினைவிருக்கிறதா?

"யாரு செய்றாங்க இத?" என்று கேட்டேன்.

"உலகம் முழுக்க ஆக்கள் சேந்து செய்றது, மிஸ்."

"அவங்களுக்கு வேற வேலை இல்லையா?"

"ஈக்கி. அந்த வேல முடிஞ்ச பொறகு செய்றாங்க."

"சும்மா எதுக்குத் தர்றாங்க? நம்மகிட்ட எதையாவது எடுக்காமலா தருவாங்க?"

நீங்கள் கையிலிருந்த ஸ்க்ரூ டிரைவரை வைத்துவிட்டு நிதானமாகச் சொன்னீர்கள். "இதுக்குள்ள என்ன எழுதீக்கின்னு ஆரும் தொறந்து பாக்கலாம். ஒண்டும் மறச்சி வெச்சில்ல."

"நான் பார்த்தா எனக்கு விளங்குமா?"

"விளங்காது. எனக்கும் முழுக்க விளங்காது. ஆனா விளங்குற ஆக்கள் பாத்துக்கிட்டுத்தான் ஈக்கிறாங்க."

கெட்டிக்காரக் கள்ளன் இப்படித்தான் பேசுவான் என்று பஸ்ஸில் திரும்பும்போது நினைத்தேன். என் கணினியில் அதுவரை இருந்த சிஸ்டம் ஒரு கள்ளப் பிரதி என்பதையும், நான் சொன்ன விவரத்தை வைத்து அன்று நீங்கள்தான் சொன்னீர்கள். எட்டு வருடம் அதில் வேலை செய்தேன். காசு கொடுத்துப் போட்டது என்பதால் அதை ஒருநாளும் சந்தேகிக்கவில்லை.

அடுத்த கிழமை, உங்களிடம் கொண்டுவருவதற்கு முதல் நாள், ஒரு காரியம் செய்தேன். அக்கா மகளின் கல்யாணத்துக்கு வாங்கிய நகப்பூச்சை எடுத்து, கணினிப் பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றி, ஹார்ட் டிஸ்க்கின் ஓரத்தில் ஒரு சிறு சிவப்புப் புள்ளி வைத்தேன். நீங்கள் டிஸ்க்கை மாற்றினால் பிடித்துவிடலாம் என்பது என் திட்டம். வேலை முடிந்ததும் எனக்கு என்மேல் பெரிய மதிப்பு.

ஆனால் கடையில் நீங்கள் முதல் வேலையாக அந்த டிஸ்க்கைக் கழற்றி, தூசி துடைத்து, என் மடியில் வைத்தீர்கள். "இத நீங்களே வெச்சிக்கோங்க மிஸ். நான் புது டிஸ்க்ல போடுறன். வேல முடியும் மட்டும் இது உங்கட கையிலயே ஈக்கட்டும்."

ஏன் என்று கேட்டேன். "அது நல்லம்" என்று மட்டும் சொன்னீர்கள். சந்தேகப் பிராணிக்கு இப்படி அரைகுறையாகப் பதில் சொல்லக் கூடாது, நானா. வித்தை காட்டுபவன் முதலில் சட்டைக் கையை மடித்துக் காட்டுவானே, அப்படித்தான் எனக்குப் பட்டது.

பிளாஸ்டிக் கதிரையில் டிஸ்க்கை இறுக்கிப் பிடித்தபடி காலை முழுக்க உட்கார்ந்திருந்தேன். நீங்கள் பென் டிரைவைச் செருகினீர்கள். திரை ஒவ்வொன்றாகக் கேள்வி கேட்டது: என்ன மொழி, எந்த நாட்டு நேரம், யாருடைய பெயர். டிஸ்க்கில் இருப்பதையெல்லாம் அழிக்கவா என்று அது கேட்டபோது என் இன்னொரு கையும் தானாக மடிக்குப் போனது. கடவுச்சொல்லை என்னையே அடிக்கச் சொல்லிவிட்டு நீங்கள் எழுந்து வாசலில் போய், தெருவைப் பார்த்து நின்றீர்கள். எதிரே கண்ணாடி அலுமாரி இருந்தது. அதில் என் விரல்கள் தெரியுமோ என்று கதிரையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு அடித்தேன்.

பிறகு லுஹர் தொழுகைக்குப் பாங்கு சொன்னது. "ஆராச்சும் வந்தா இப்ப வருவாருன்னு செல்லுங்க" என்றுவிட்டுப் பள்ளிக்குப் போய்விட்டீர்கள். பூட்டாத லாச்சி, திறந்த அலுமாரி, முன்பின் தெரியாத நான். அந்த இருபது நிமிடமும் நான் என்ன செய்தேன் தெரியுமா? உங்கள் கடையில் எங்கே கமெரா ஒளித்து வைத்திருக்கிறீர்கள் என்று தேடினேன்.

திரும்பி வந்து, என் பழைய கோப்புகளைப் புதியதில் ஏற்றுவதற்காக டிஸ்க்கைக் கேட்டீர்கள். என் கண் முன்னாலேயே இணைத்தீர்கள், கண் முன்னாலேயே கழற்றினீர்கள். திருப்பித் தரும்போது அதன் ஓரத்தை வெளிச்சத்துக்குக் காட்டினீர்கள்.

"மிஸ், உங்கட புள்ளி ஈக்கி. நல்லாப் பாத்துக்கோங்க."

"என்ன புள்ளி?" என்றேன். இருபது வருடச் சத்தியப்பிரமாணத்தில் நான் சொன்ன மிக மோசமான பொய் அது. நீங்கள் சிரிக்கவில்லை. பக்கத்துக் கடைக்குச் சொல்லி எனக்கு ஒரு பிளேன்டீ எடுத்துத் தந்தீர்கள். அதைக் குடித்து முடிக்கும்வரை நான் நிமிரவில்லை.

கணினி நன்றாகத்தான் ஓடியது. அதையும் நான் உடனே ஒத்துக்கொள்ளவில்லை. வீட்டுக்கு வந்து ஐம்பது கோப்புகளைத் திறந்து, பழைய அச்சுப் பிரதிகளோடு வைத்து வரிவரியாகப் பார்த்தேன். ஒன்றிலும் ஒன்றும் குறையவில்லை. குறையவில்லை என்பதே கொஞ்ச நாள் எனக்கு உறுத்தலாக இருந்தது.

ஒரு வருடம் கழித்து பிரிண்டர் தகராறு செய்தது. உங்களிடம் வந்தேன். மேசையில் ஸ்க்ரூ டிரைவர்களுக்கு நடுவே இந்தக் குப்பி. நான் அதைப் பார்ப்பதை நீங்கள் பார்த்தீர்கள். பேச்சை நிறுத்தாமலேயே அதை எடுத்து லாச்சிக்குள் போட்டு மூடினீர்கள். அந்த அவசரம் எனக்குப் போதுமாக இருந்தது. என் புத்தி போன இடத்தை எழுதக் கூசுகிறது. வீட்டில் மனைவி, ஐவேளைத் தொழுகை, லாச்சிக்குள் எவளுடையதோ நகப்பூச்சு, எல்லாரும் ஒரே ரகம் என்று முடிவு கட்டினேன். அடுத்த முறை பிரிண்டர் நின்றபோது கண்டியிலேயே வேறு கடைக்குப் போனேன். உங்களை அதன்பின் பார்க்கவே இல்லை.

நீங்கள் போய்விட்ட செய்தியைக் கிளார்க் தம்பிதான் கொண்டுவந்தார். கடையிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தீர்களாம், ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரவில்லையாம். பிறகு அவரே தொடர்ந்து சொன்னார்.

"போன மாசந்தான் என் லேப்டாப்ப செஞ்சு குடுத்தாரு மிஸ். டிஸ்க்க கழட்டி என் கையில வச்சாரு. லாச்சியிலேருந்து ஒரு சிவப்பு கியூடெக்ஸ் போத்தல எடுத்து, உங்களுக்குத் தெரிஞ்ச மாதிரி ஒரு அடையாளம் வச்சுக்கங்க, பிறகு மாறிப் போச்சோன்னு யோசிக்க வேண்டியதில்லன்னாரு. வர்ற எல்லாருக்கும் அப்படித்தானாம். யாரோ ஒரு மிஸ்கிட்ட இருந்து கத்துக்கிட்டதாம்."

அந்த மிஸ் யார் என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. அன்று நீங்கள் குப்பியை அவசரமாக மறைத்தது எனக்காக என்று அப்போதுதான் உறைத்தது. நான் வெட்கப்படக் கூடாது என்பதற்காக மறைத்தீர்கள். நான் அதையும் உங்கள் கணக்கில் குற்றமாக எழுதி வைத்திருந்தேன். அன்று முழுக்க ஒரு வரிகூட என்னால் மொழிபெயர்க்க முடியவில்லை.

கணவனை இழந்தவர் இத்தா இருக்கும் வீட்டுக்குப் பெண்கள் போகலாம் என்று கேட்டறிந்து, போன கிழமை உங்கள் வீட்டுக்குப் போனேன். துக்கம் விசாரித்துவிட்டு எழுந்துவிடலாம் என்றுதான் போனேன். உங்கள் மனைவி என்னை உள்ளறைக்குக் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினார். அலுமாரியில் மடித்த சேலைகளுக்கு அடியிலிருந்து இந்தக் குப்பியை எடுத்தார்.

"மிஸ், நீங்க கடைக்குப் போய் வந்த பொம்பள. அதுதான் உங்கக்கிட்ட கேக்குறன். இது அவங்கட லாச்சில ஈந்திச்சி. இதப் பூசினா தொழுறதுக்கு ஒளு சேராது, எங்கட ஊட்டுல இது இல்லவே இல்ல. ஆருக்கிட்டயும் கேக்கவும் ஏலா. நாப்பது நாளா மௌத்தானவர நெனச்சி அழறதா, இத நெனச்சி அழறதான்னு வெளங்கல்ல. இது ஆருட?"

அவருடைய கண்களைப் பார்த்தேன். அந்தப் பார்வை எனக்குப் புதிதல்ல, நான் தினமும் கண்ணாடியில் காண்பது. டிஸ்க்கில் அடையாளம் வைப்பதற்கு வைத்திருந்தார் என்று ஒரு வரியில் முடித்திருக்கலாம். உண்மைதான், ஆனால் அரை உண்மை. அரைப் பதிலை வைத்துக்கொண்டு எப்படியெல்லாம் நினைக்கலாம் என்று என்னைவிட யாருக்குத் தெரியும்? அதனால் முழுக்கச் சொன்னேன். அக்கா மகளின் கல்யாணத்துக்கு வாங்கிய நகப்பூச்சு, டிஸ்க்கில் வைத்த புள்ளி, தேடிய கமெரா, திருப்பிய கதிரை, சொன்ன பொய், கிளார்க் தம்பி சொன்னது, எல்லாம். கடைசியாக, இந்தக் குப்பியைப் பார்த்து நான் உங்களைப் பற்றி என்ன நினைத்தேன் என்பதையும் சொன்னேன். வெளியே போங்கள் என்று சொன்னால் போய்விட ஆயத்தமாகத்தான் இருந்தேன்.

அவர் குப்பியைப் பார்த்தார். "நீங்களும் அப்படித்தான் நெனச்சீங்களா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். சிரிப்பு எந்த இடத்தில் அழுகையாக மாறியது என்று எனக்குத் தெரியவில்லை. நானும் அழுதுகொண்டிருந்தேன்.

பிறகு அவர்தான் சொன்னார். "ஊருல கலவரத்துல கடைகள எரிச்ச நேரம் எங்கட கடயும் எரிஞ்ச தானே மிஸ். ஒம்பது பேருட கம்பியூட்டர் உள்ளுக்கு. கட போனதுக்கு அவங்க அழல்ல. ஒரு புள்ளேட மௌத்தான வாப்பாட கொரல் அதுல ஒண்டுல மட்டுந்தான் ஈந்திச்சாம். அந்தப் புள்ளக்கிட்டப் போய்ச் செல்ல ஏலாம மூணு நாள் ஊட்டுக்குள்ளயே ஈந்தாங்க. அதுக்குப் பொறகு ஒத்தருட டிஸ்க்கயும் கடேல வெச்சிக்கிறல்ல. இப்ப பாருங்க, அவங்க மௌத்தாகி இத்தன நாள், ஏன்ட சாமான் எங்கன்னு கேட்டு ஒத்தரும் வரல்ல."

‘அது நல்லம்’ என்று நீங்கள் சொன்னதன் மிச்சப் பாதி அது. கேட்டபோதே சொல்லியிருக்கலாமே என்று உங்கள்மேல் கோபம் வந்தது. சொல்லியிருந்தால் நான் நம்பியிருப்பேனா என்று யோசித்ததும் கோபம் அடங்கிவிட்டது.

நான் கிளம்பும்போது குப்பியை என் கையில் வைத்தார். "நீங்க எடுத்துட்டுப் போங்க. இப்ப இது இங்க ஈந்தாலும் எனக்குப் பாரமில்ல. ஆனா இது உங்கட."

நானா, நான் திருந்திவிட்டேன் என்று எழுதினால் நீங்களே நம்பமாட்டீர்கள். கடதாசியை இன்னும் வெளிச்சத்தில் தூக்கித்தான் பார்க்கிறேன். ஒரே ஒரு பழக்கம் மாறியிருக்கிறது. முன்பெல்லாம் மூலப் பத்திரத்தை வாங்கி வைத்துக்கொண்டு, நாளைக்கு வாங்க என்று அனுப்புவேன். இப்போது பக்கத்தில் கதிரை போட்டு உட்காரவைத்து, பத்திரத்தை அவர்கள் கையிலேயே வைத்திருக்கச் சொல்லிவிட்டு, பார்த்துப் பார்த்து அடிக்கிறேன்.

நேற்று தெல்தோட்டையிலிருந்து ஒரு பெண் விவாகரத்துத் தீர்ப்போடு வந்திருந்தாள். கையிலேயே வச்சுக்கங்க என்றதும் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். முத்திரையைப் பார்த்தாள், திரையைப் பார்த்தாள், எனக்குப் பின்னால் சுவரில் எதையோ தேடினாள். அடிப்பதற்காகக் கடைசிப் பக்கத்தை வாங்கினேன். கீழ் மூலையில் நகத்தால் கீறிய ஒரு சின்னக் கோடு இருந்தது. மடியில் வைத்திருந்தபோது கீறியிருக்கிறாள்.

வேலை முடிந்ததும் அந்த மூலையை வெளிச்சத்துக்குக் காட்டித் திருப்பிக் கொடுத்தேன்.

"உங்க கோடு இருக்கும்மா. நல்லாப் பாத்துக்கங்க."

"என்ன கோடு?" என்றாள் அவள்.

நான் சிரிக்கவில்லை, நானா. பக்கத்துக் கடைக்குச் சொல்லி அவளுக்கு ஒரு பிளேன்டீ எடுத்துக் கொடுத்தேன்.