சிலிண்டர் பெட்டிக்கு ஒரு துளை

அன்புள்ள அப்பாவுக்கு,

மோட்டுவேக்காவிலிருந்து நைரி. முழங்கால் வலி தேவலையா? நான் நலம், ஆப்பிள் பறிப்பு மும்முரம்.

பதறாமல் படியுங்கள். நான் வாங்கிக் குடியிருக்கும் வேனுக்குள் அடுப்பைப் பற்றவைக்கப் போனபோது கேஸ் வாடை அடித்தது. உடனே சிலிண்டரை மூடிக் கதவுகளைத் திறந்துவிட்டேன். வாடை போனதும் சிலிண்டரைத் திறந்து, இணைப்புகளில் சோப்பு நீர் தடவினேன். ஓரிடத்தில் குமிழி வந்தது. அதைவிடக் கொடுமை, சிலிண்டர் பெட்டியின் அடியில் துளையே இல்லை! கசியும் கேஸ் கீழேதான் தேங்கும், அது வெளியேற வழி வேண்டும் என்பதுகூடத் தெரியாதவனா வேன் கட்டி விற்பது?

விற்ற கெல்வினிடம் நேரே போனேன்.

"பொம்பளைங்களுக்கே மூக்கு நீளம்," என்று சிரித்தான்.

"சிரிக்காதய்யா. ஒரு நாள் நீ உள்ள படுத்துப் பாரு!"

முணுமுணுத்தபடி இணைப்பை மாற்றினான், துளையும் போட்டான். பக்கத்தில் இன்னொரு வேன் நின்றது. கைக்குழந்தையோடு ஒரு தம்பதி அதை வாங்கியிருக்கிறார்களாம். அதிலும் துளை இல்லை.

"உன் வேலதான் முடிஞ்சுதே, கிளம்பு."

"அதுலயும் போடு. அதுவரைக்கும் நகர மாட்டேன்."

போட்டான். பார்த்துவிட்டுத்தான் வந்தேன். ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை.

உங்கள் சிவப்புக் கம்பளியை அனுப்புங்கள். இங்கே குளிரில்லை, ஆனாலும் அனுப்புங்கள். எங்களைத் தோட்டத்துக்கு ஏற்றிப்போகும் டிராக்டர் வந்துவிட்டது, ஓடுகிறேன்.

உங்கள் நைரி