உடைக்காத தகடு

செல்லே, ஜெர்மனி
7 மார்ச் 1995

அருமை மகள் அன்னெக்ரெட்டுக்கு,

ஏழு அலமாரிகளின் ஏகச் சக்கரவர்த்தியும், ஈரம் கசியும் மூன்றாம் மாடியின் நிரந்தரக் காவலனுமாகிய உன் சித்தப்பா ஆசீர்வதித்து எழுதுவது. நான் நலம். முழங்கால் மட்டும் தனி நாடு கேட்டுப் போராடுகிறது. நீயும் மாப்பிள்ளை யெப்பேயும் நலம்தானே? நீ பின்னி அனுப்பிய கம்பளிக் காலுறை வந்தது. ஒன்றிலேயே என் இரண்டு காலும் நுழைந்துவிட்டன. டென்மார்க்கில் என்ன, யானைக்குப் பின்னிப் பழகினாயா?

போன சனிக்கிழமை பழைய போர்ப் பதக்கங்கள் விற்கும் சந்தை. மண்டபத்தில் நாற்பதாயிரம் பேர் என்று எழுதத்தான் ஆசை. நாற்பது பேர் இருந்தோம், அதில் முப்பத்தொன்பது பேருக்கு மூட்டுவலி. பதக்கத்தில் நாஜி ஸ்வஸ்திகா வெளியே தெரியக் கூடாது என்று சட்டமல்லவா? ஒவ்வொன்றின் மேலும் ஆரஞ்சுப் பழத்தில் ஒட்டுவார்களே, அந்த மாதிரி வட்டச் சீட்டு. ஹிட்லர் ராஜ்யம் முழுவதும் தள்ளுபடி விலைக்கு வந்துவிட்ட மாதிரி இருந்தது. ஒரு அம்மாள் என் இரும்புச் சிலுவைப் பதக்கத்தைப் புரட்டிப் பார்த்து, "இது அசல்தானா?" என்று கேட்டாள். "அம்மா, முதல்ல வாங்கினவன் காலைக் குடுத்து வாங்கினான். நீங்க காசு குடுத்தாப் போதும்" என்றேன். வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

இனி முக்கியச் செய்தி. கதவைச் சாத்திக்கொண்டு படி.

குருஷ்கே என்றொரு வியாபாரி. பெர்லினுக்குத் தெற்கே, போரின் கடைசி மாதத்தில் உன் அப்பா காணாமல் போன அந்தக் காட்டோரத்தில் வீடு. காட்டைத் திருட்டுத்தனமாகத் தோண்டிக் கிடைப்பதை விற்கிறவன். அவன் எனக்கு ஒரு அடையாளத் தகடு கொண்டுவந்தான். உன் அப்பா இருந்த அதே படைப்பிரிவு! முழுசு! உடைக்காதது! சிப்பாய் கழுத்தில் தொங்கும் துத்தநாகத் தகட்டின் நடுவே ஒரு வெட்டுக்கோடு ஓடும். ஆள் செத்தால் கீழ்ப் பாதியை உடைத்து எடுத்து ஊருக்குத் தகவல் சொல்வார்கள். மேல் பாதி அவனோடு மண்ணுக்குள் போகும். அதனால் சந்தையில் பாதித் தகடு பொரிகடலை, முழுத் தகடு முத்து. முழுசு என்றால் இரட்டை விலை தருகிறேன் என்று குருஷ்கேயிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

இதன் எண் 94. உன் அப்பா எண் 117. பக்கத்துத் தெரு வரைக்கும் வந்துவிட்டோம், மகளே!

வீட்டுக்கு வந்ததும் சுவரில் இருக்கும் படங்களுக்கெல்லாம் தகட்டைக் காட்டினேன். பெயர் தெரியாத சிப்பாய்கள் முப்பது பேருக்கும் நானே சூட்டிய பட்டங்கள் உனக்குத் தெரியுமே: உருளைக்கிழங்குப் பிரபு, மீசைத் தளபதி, வாய் மூடா வாலிபன். எல்லாரும் மரியாதையாகப் பார்த்தார்கள். நடுவில் இருக்கும் உன் அப்பா மட்டும் வழக்கம்போல் சமையலறையையே பார்த்துக்கொண்டிருந்தான். பசிக்காரப் பயல்.

இங்ஙனம்,
மேன்மை தங்கிய, முழங்கால் மடங்காத,
கெப்ஹார்ட் சித்தப்பா


ஆர்ஹுஸ்
19 மார்ச் 1995

அன்புள்ள சித்தப்பா,

கடிதத்தைச் சத்தமாக வாசித்தேன். யெப்பே சிரித்துச் சிரித்துக் காப்பியை மேஜைத் துணியில் கொட்டிவிட்டார். துவைக்கிற கூலியை உங்கள் கணக்கில் எழுதியிருக்கிறேன். தொலைபேசியைத்தான் எடுக்க மாட்டேன் என்கிறீர்கள், வைத்தியரிடமாவது போனீர்களா?

சிரித்து முடித்த பிறகு ஒன்று உறுத்தியது. ஆள் செத்தால் தகட்டை உடைப்பார்கள் என்றால், 94ஆம் எண்காரர் தகடு முழுசாக இருப்பதற்கு என்ன அர்த்தம்? அவர் செத்தது இன்றுவரை யாருக்குமே தெரியாது என்பதுதானே? அவர் வீட்டிலும் என்னைப் போல ஒருத்தி உட்கார்ந்திருப்பாள். தகடு உங்கள் அலமாரியில் இருக்கிறது. அவர் எங்கே இருக்கிறார்?

அம்மா சாகும் முன் கல்லறைக் கல் வெட்டுபவரிடம் சொன்னதை நீங்களும் பக்கத்தில் நின்று கேட்டீர்கள். "ரெண்டு பேருக்கு இடம் விட்டு வெட்டுப்பா. அவர் வருவாரு." கல்லறைக்கு வரும்போதெல்லாம் அம்மா பெயரை நான் பார்ப்பதில்லை, சித்தப்பா. அந்த வெறும் பக்கத்தைத்தான் பார்க்கிறேன். அப்பாவை அம்மா பக்கத்தில் கொண்டுவந்து வைக்க வேண்டும். எனக்கு வேறு ஆசை இல்லை.

அதனால் கேட்கிறேன். போர்க்கல்லறைச் சங்கத்துக்காரர்களிடம் குருஷ்கேயைப் பற்றிச் சொல்லுங்கள். முறையாகத் தோண்டுவார்கள். தயவுசெய்து இனிமேல் வாங்காதீர்கள்.

அன்பு மகள்,
அன்னெக்ரெட்


செல்லே
2 ஏப்ரல் 1995

என் அருமை நீதிபதி அம்மாவுக்கு,

குற்றவாளிக் கூண்டிலிருந்து உன் சித்தப்பா சமர்ப்பிப்பது. தீர்ப்பெழுதும் முன் என் தரப்பையும் கேள்.

உன் அம்மா, என் ஃப்ரீடா அண்ணி, சாகும்வரை அலுவலகம் அலுவலகமாக எழுதினாள். வந்ததெல்லாம் "தகவல் ஏதும் இல்லை." அந்தப் பதில்களை அடுக்கினால் நிலாவுக்கு ஏணி போடலாம். சங்கத்துக்காரர்கள் உன் அப்பாவைத் தோண்டி எடுப்பதற்குள் எனக்கே குழி தோண்டிவிடுவார்கள். இப்போது குருஷ்கேயைக் காட்டிக்கொடுத்தால் அவனைப் பிடிப்பார்கள். அவனைப் பிடித்தால் காட்டு வாசல் அடைபட்டுவிடும். அப்புறம் 117 எப்படி வரும்?

பயப்படாதே. உன் சித்தப்பா பழம் தின்று கொட்டை போட்டவன். நான் யாரைத் தேடுகிறேன் என்று குருஷ்கேவுக்கு இன்றுவரை தெரியாது. அந்தப் படைப்பிரிவு வேண்டும், முழுசாக வேண்டும், அவ்வளவுதான் சொல்லியிருக்கிறேன். உனக்கு எது உயிர் என்று விற்கிறவனுக்குத் தெரிந்தால் விலை வானத்துக்கு ஏறிவிடும். சேகரிக்கிறவனின் முதல் வேதம் அது. நான் வாங்கும்போது என் முகத்தில் ஈ உட்கார்ந்தால்கூட அதற்கு ஒன்றும் புரியாது.

உன் ஞானஸ்நானத்தன்று நடந்ததைச் சொல்லியிருக்கிறேனா? நூறு முறை சொல்லியிருப்பேன். இது நூற்றொன்று. உன் அப்பா லோத்தர் விடுப்பில் வந்திருந்தான். தகட்டைக் கழற்றி உன் கழுத்தில் போட்டான். நீ அதை வாயில் வைத்துச் சப்பினாய். அண்ணி போட்ட கூச்சலில் ஹானோவர் வரைக்கும் தேவாலய மணிகள் தானாக அடித்தன. அவன் அசையவில்லை. "விடு ஃப்ரீடா, எம் பொண்ணு என் நம்பரை மனப்பாடம் பண்றா" என்றான். உனக்கு மூன்று மாதம், எனக்குப் பதினைந்து வயது. நீ மறந்துவிட்டாய். நான் மறக்கவில்லை. அவனைக் கொண்டுவருவேன் என்று அண்ணி கட்டிலருகே நின்று வாக்குக் கொடுத்தவன் நான்.

இப்படிக்கு,
நிரபராதியும் பராக்கிரமசாலியுமான
சித்தப்பா


செல்லே
21 மே 1995

அன்னெக்ரெட்,

வந்துவிட்டான்.

நேற்றுச் சந்தையில் குருஷ்கே நாலைந்து தகடுகளைத் துணியில் சுற்றிக் கொடுத்தான். மூன்றாவது, 117. முழுசு. முகத்தில் எதையும் காட்டாமல் காசைக் கொடுத்துவிட்டுக் கழிப்பறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டேன்.

இப்போது மேஜையில், என் கைக்குப் பக்கத்தில் இருக்கிறது.

சித்தப்பா


ஆர்ஹுஸ்
26 மே 1995

என் தங்கச் சித்தப்பா,

கடிதத்தை வாசலிலேயே பிரித்துவிட்டேன். அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டேன். எதிர்வீட்டு அம்மாள் ஓடிவந்து, "என்ன ஆச்சு, யாராவது தவறிட்டாங்களா?" என்று கேட்டாள். "ஆமாம், எங்கப்பா. ஐம்பது வருஷம் ஆச்சு" என்று சிரித்துக்கொண்டே சொன்னேன். எனக்குப் பைத்தியம் என்று நினைத்திருப்பாள்.

மார்ச் மாதம் உங்களுக்கு அப்படி எழுதினேனே, மன்னித்துவிடுங்கள். நீங்கள்தான் சரி.

யெப்பே விடுப்புக்குச் சொல்லிவிட்டார். கல் வெட்டுபவரிடம் பேசினேன். "எழுத்து என்ன அளவு?" என்றார். அம்மாவுக்கு வெட்டிய அதே அளவு என்றேன். போதகரிடமும் சொல்லியாயிற்று. கடைக்குப் போய்க் கறுப்பு உடுப்பு வாங்கினேன். விற்கிற பெண் ஆறுதலாக என் கையைப் பிடித்தாள். ஐம்பது வயதில் முதல் முறையாக அப்பாவுக்கு மகளாக அழப் போகிறேன்.

தொலைபேசி அடித்து அடித்து ஓய்ந்துவிட்டேன். எடுக்க வேண்டாம். இடத்தை மட்டும் எழுதுங்கள். எந்தப் பாதை, எந்த மரம்? சங்கத்துக்காரர்களை அழைத்துக்கொண்டு நேராக அங்கே வந்துவிடுகிறோம். அப்பாவை நாமே எடுத்துக்கொண்டு வரலாம்.

ஆயிரம் முத்தங்களுடன்,
உங்கள் அன்னெக்ரெட்


செல்லே
3 ஜூன் 1995

அன்னெக்ரெட்டுக்கு,

தொலைபேசி அடித்தது கேட்டது. நீதான் என்று தெரிந்துதான் எடுக்கவில்லை.

உன் கடிதம் வந்த அன்றே ரயில் ஏறிக் குருஷ்கே வீட்டுக்குப் போனேன். கொட்டகையில் உட்கார்ந்து தலைக்கவசத்திலிருந்து மண்ணைச் சுரண்டிக்கொண்டிருந்தான். தகட்டை அவன் முன்னால் வைத்தேன்.

"இது எந்தக் குழி?"

"குழியா? ரெண்டு குளிர்காலமா தோண்டறேன், பெரிசு. காடு பூரா குழிதான். கெடைக்கிறதை வாளியில போட்டுக் கொண்டாந்து மொத்தமா கழுவுவேன். எது எங்க கெடச்சுதுன்னு எவன் கண்டான்?"

"கூட இருந்த எலும்பு?"

"மண்ணைத் தள்ளி மூடிட்டேன். ஒண்ணோட ஒண்ணு கலந்திருக்கும். முழுத் தகடு வேணும்னு கேட்ட, கொண்டாந்தேன். எலும்பு வேணும்னு ஒரு தடவையாவது கேட்டிருக்கியா?"

"அவன் எங்க அண்ணன்டா."

சுரண்டுவதை நிறுத்தினான். தொப்பியைக் கழற்றிவிட்டான். "அடப்பாவி மனுசா, மொதல்லயே சொல்லக் கூடாதா? இன்ன நம்பர்னு சொல்லியிருந்தா அந்தக் குழிய அப்படியே விட்டுட்டு ஒன்னைக் கூட்டிட்டுப் போய்க் காட்டியிருப்பேனே."

நான் சொல்லவில்லை, அன்னெக்ரெட். விலை ஏறிவிடும் என்று சொல்லவில்லை.

ஊர் திரும்பியதும் அலமாரியில் இருந்த மற்றத் தகடுகள் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு சங்கத்து அலுவலகத்துக்குப் போனேன். குருஷ்கே பெயரையும் கொடுத்துவிட்டேன். அங்கிருந்த பெண் கோபப்படவில்லை. காட்டில் தேடுவார்களாம், எலும்புகளை மரியாதையாக அடக்கம் செய்வார்களாம். "ஆனா ஐயா, தகடு இல்லாம எடுக்கற எலும்புக்குப் பேர் கெடையாதுங்க. பேர் தெரியாத சிப்பாய்னுதான் எழுதுவோம்" என்றாள். பெயரில்லாதவர்களுக்குப் பெயர் வைப்பதில் நான் மன்னன் என்று என் சுவரில் முப்பது பேர் சாட்சி. பெயரோடு கிடந்தவன் ஒரே ஒருவன். அவன் பெயரை நானே காசு கொடுத்து அறுத்து வாங்கிவிட்டேன்.

இன்று காலை இடுக்கியால் தகட்டை உடைத்தேன். ஐம்பது வருஷத்துக்கு முன் யாராவது செய்திருக்க வேண்டிய வேலை. கீழ்ப் பாதி வீட்டாருக்குச் சேர வேண்டியது. இதோடு வைத்திருக்கிறேன். மேல் பாதி அவனோடு இருக்க வேண்டும். அவன் எங்கே என்று தெரியாததால் கயிறு கோத்து என் கழுத்தில் கட்டிக்கொண்டிருக்கிறேன். நான் போகும்போது கழற்றாமல் புதைக்கச் சொல். ஒரே தாய் வயிற்றில் பிறந்தவர்கள். மண் வித்தியாசம் பார்க்காது.

கெப்ஹார்ட்


ஆர்ஹுஸ்
20 ஜூன் 1995

சித்தப்பாவுக்கு,

பாதி வந்து சேர்ந்தது.

வீட்டில் யாரும் இல்லாதபோது அதை ஒரு முறை வாயில் வைத்துப் பார்த்தேன். பழைய சாவி மாதிரி இருந்தது. எதுவும் நினைவுக்கு வரவில்லை.

கல் வெட்டுபவரிடம் இப்போது வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அப்பா பெயரைக் கல்லில் சுண்ணாம்புக் கட்டியால் வரைந்துவிட்டாராம். "பரவாயில்லம்மா, ஒரு மழை பெஞ்சாப் போயிடும்" என்றார். கறுப்பு உடுப்பைக் கடையில் திரும்ப எடுத்துக்கொண்டார்கள்.

நீங்கள் பாசத்தால்தான் தேடினீர்கள். அது எனக்குத் தெரியும். அதனால்தான் வாய்விட்டுத் திட்டக்கூட முடியவில்லை. ஆனால், சித்தப்பா, ஐம்பது வருடமாக அப்பா ஓரிடத்தில் இருந்தார். எங்கே என்று நமக்குத் தெரியாது, அவ்வளவுதான். தன் எண்ணைக் கழுத்தில் கட்டிக்கொண்டு அவர் காத்திருந்தார்.

இனிமேல் எனக்கு எழுதாதீர்கள். உறையின் மேல் உங்கள் கையெழுத்தைப் பார்த்ததும் என் முகம் தானாகச் சிரிக்கத் தயாராகிவிடுகிறது. அப்புறம்தான் எல்லாம் நினைவுக்கு வருகிறது. அதை இன்னொரு முறை என்னால் தாங்க முடியாது.

உங்கள் காலம் முடியும்போது யாராவது எனக்குச் சொல்வார்கள். வருவேன். கழுத்தில் அந்தப் பாதி இருக்கிறதா என்று நானே தொட்டுப் பார்ப்பேன். பிறகு அம்மா பக்கத்தில், அந்த வெறும் இடத்தில், உங்களை வைக்கச் சொல்வேன். கல்லில் உங்கள் பெயர் இருக்காது, சித்தப்பா. அப்பா பெயரைத்தான் வெட்டச் சொல்வேன்.

குளிர் வருவதற்குள் முழங்காலைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்னெக்ரெட்