வல்லரசு மாமாவும் சுருட்டுக் கம்பெனிக் கடிதங்களும்

ஜூலை 19, சனி

கெமிஸ்ட்ரி டெஸ்ட்ல 31. அம்மாகிட்ட இன்னும் சொல்லல. அதைவிடப் பெரிய சேதி: மாமாவை ஒரு சுருட்டுக் கம்பெனி சுருட்டிடுச்சு.

மாமான்னா அம்மாவோட தம்பி, எங்க வீட்லதான் இருக்கார். பேரு வல்லரசு. டிவி ரிமோட் மேலகூட அதிகாரம் கிடையாது. கோயில் பக்கத்துல ஒரு லாட்ஜுக்கு மேனேஜர். அங்க மூணு மாசம் தங்கின இத்தாலிக்காரர் போறப்ப ஒரு மரப்பெட்டியைக் கொடுத்துட்டுப் போனார். உள்ள ரெண்டு சுருட்டு, ஒவ்வொண்ணுக்கும் இடுப்புல தங்கக் கலர் பட்டை, நம்பர் போட்ட ஒரு அட்டை. போன மாசம் அந்த நம்பரை மாமா நெட்ல போட்டார். உடனே மெயில்: ‘காஸா வெலாரியோ குடும்பத்துக்கு நல்வரவு.’

சொந்தக் குடும்பத்துல யாரும் அவரை இப்படி வரவேற்றதில்ல.

ஜூலை 22

வாரா வாரம் கடிதம் வருது. இங்கிலீஷ்ல வரும், நான் தமிழ்ல படிச்சுச் சொல்லணும். இன்னா சாமர்த்தியம்னா, ஒரு இடத்துலகூட ‘வாங்குங்க’ன்னு எழுத மாட்டாங்க. நாலு தலைமுறைத் தோட்டம், அஞ்சு வருஷம் பதப்படுத்தின இலை, உலகத்துக்கே அறுநூறு பெட்டிதான், அதையும் எல்லாருக்கும் தர மாட்டோம் — இப்படியே போகும். தர மாட்டேன்னு சொன்னாதானே மனுஷனுக்கு ஆசை வரும்? மாசா மாசம் ரெண்டாவது சனிக்கிழமை ரசிகர்கள் கூடுவாங்களாம், ஒவ்வொரு தடவையும் ஒரு பெரிய ஊர்ல.

இன்னைக்கு வந்ததுல ருசிக் குறிப்பு. ‘தொடக்கத்தில் பழைய தோல், நடுவில் கொக்கோ, முடிவில் கருமிளகு.’ மாமா சுருட்டை மூக்குகிட்ட வச்சுக் கண்ணை மூடினார். “மிளகு தெரியுது அபி.”

அடுப்புல ரசம் கொதிச்சுட்டு இருந்துச்சு.

பத்த வைக்கவே மாட்டார். புகைன்னாலே இருமல். சுருட்டு காயாம இருக்கப் பெட்டிக்குள்ள ஈரப் பஞ்சு வச்சு, தினம் தொட்டுப் பாக்கறதோட சரி.

ஜூலை 26, சனி

செஞ்சுட்டேன்! கம்பெனி பேர்ல மாமாவுக்கு நானே ஒரு லெட்டர்: புதுசா ஒரு மெயில் ஐடி, அதே தங்கப் பட்டைப் படம், அதே வழவழப்பு. ‘அன்புள்ள திரு. வல்லரசு, உலகத்துல இருபத்தோரு பேரை மட்டும் தேர்ந்தெடுத்திருக்கோம். ஆகஸ்ட் ரெண்டாவது சனி, 9-ம் தேதி மாலை, சென்னையில் ஒரு தனி விருந்து. கருப்புக் கோட்டு அவசியம். அதுக்கு முன்னாடி உங்க ஊர்ப் புகையைப் பத்தி ஒரு ருசிக் குறிப்பு எழுதி அனுப்பவும்.’

என் கிளாஸ் தேவிப்ரியாகிட்ட போன்ல படிச்சுக் காட்டினேன். சிரிச்சுச் சிரிச்சு அவளுக்கு விக்கல் நிக்கல.

ஜூலை 28

மாமா பதில் எழுதிட்டார், தமிழ்ல. “நல்ல இங்கிலீஷா மாத்திக் குடு அபி”ன்னு நோட்டை நீட்டினார். அதாவது, என் லெட்டருக்கு வந்த பதிலை நானே மொழிபெயர்த்து நானே எனக்கு அனுப்பணும். உதட்டைக் கடிச்சுக்கிட்டே ஆரம்பிச்சேன்.

‘விடியக்காலம் வெந்நீர் அடுப்புல தென்னமட்டைப் புகை, கொஞ்சம் இனிக்கும். பத்து மணிக்கு ரூம் ரூமா சாம்பிராணி, அது திரைத்துணியில மறுநாள் வரைக்கும் தங்கும். மழைக்கு முன்னாடி மலைப் பக்கமிருந்து வர்ற காத்துல புகையே இருக்காது, ஆனா அதைத்தான் நான் அதிகமா இழுப்பேன்.’

சிரிப்பு எங்க போச்சுன்னு தெரியல. கடைசி வரி: ‘இத்தனை வருஷத்துல என்கிட்ட எல்லாரும் ரூம் இருக்கான்னுதான் கேட்டிருக்காங்க. இன்னா நினைக்கிறேன்னு நீங்கதான் கேட்டீங்க. நன்றி.’

அனுப்பிட்டேன். என் போன் டிங்னு அடிச்சுது.

ஆகஸ்ட் 4, திங்கள்

கடவுளே. ஒன்பதாம் தேதி பௌர்ணமி.

இந்த ஊர்ல பொறந்தவ பண்ற தப்பா இது? இங்க கல்யாணம், காதுகுத்து, பைக் சர்வீஸ் எதுவா இருந்தாலும் நிலாவைப் பாத்துதான் தேதி. நான் சுருட்டுக்காரன் மாதிரி சனிக்கிழமையைப் பாத்திருக்கேன். கிரிவலக் கூட்டம் வர்ற அன்னைக்கு லாட்ஜ் மேனேஜர் லீவு கேட்டா என்ன ஆகும்? கேட்டுட்டார். முதலாளி இராமலிங்கம் ஐயா சத்தமே போடலையாம். “போய்ட்டு வா வல்லரசு. ஆனா திரும்பி வர்றப்ப அந்த நாற்காலி உனக்கு இருக்கும்னு நான் சொல்ல மாட்டேன்.” கீழ்பென்னாத்தூர்லருந்து சுரேஷ்குமார்னு ஒருத்தரைப் பேசி வச்சுட்டாராம்.

அம்மா மாமாகிட்ட பேசறதில்ல. மாமா வாடகைக் கோட்டுக்குப் பொத்தான் தைக்கறார்.

ஆகஸ்ட் 5

கோழை வழி: ‘விருந்து ஒத்திவைக்கப்பட்டது’ன்னு ஒரு மெயில் போட்டேன். அதையும் என்னையே படிக்கச் சொன்னார். பதிலும் சொன்னார்: “பரவால்ல, லீவு சொல்லியாச்சு, அவங்க சென்னை ஆளுங்களை நேர்ல பாத்துக் கைகொடுத்துட்டு வரேன்னு எழுது.”

எழுதல.

ஆகஸ்ட் 7, வியாழன்

சொல்லிட்டேன். என் போனைத் திறந்து அவர் கையிலேயே கொடுத்தேன். ரொம்ப நேரம் தள்ளித் தள்ளிப் படிச்சார். திட்டுவார்னு நின்னேன். திட்டல.

“கருமிளகு?”

“அது அவங்க எழுதினது மாமா. விருந்து பத்தி வந்த ரெண்டுதான் நான்.”

“நான் எழுதினது யாருக்குப் போச்சு?”

“எனக்கு.”

கோட்டை மடிச்சுப் பையில வச்சுக்கிட்டு லாட்ஜுக்குக் கிளம்பிட்டார். அடிச்சிருக்கலாம்.

ஆகஸ்ட் 8

லீவு வேணாம்னு மாமா போய்ச் சொன்னதுக்கு முதலாளி, சொன்னது சொன்னதுதான்னுட்டாராம். கவுன்ட்டர்ல சுரேஷ்குமார். மாமாவை வாசல்ல நின்னு கூட்டத்தைப் பாத்துக்கச் சொல்லியிருக்கார். மாமா என்கிட்ட இன்னும் பேசல.

ஆகஸ்ட் 9, சனி, பௌர்ணமி

கூப்பிடாமலே காலையில லாட்ஜுக்குப் போனேன். பதினாலு கிலோமீட்டர் நடந்து வந்த காலுங்க வராண்டா பூரா. சுரேஷ்குமார் 12-ம் நம்பர் ரூமை ரெண்டு குடும்பத்துக்குக் கொடுத்துட்டு ரெண்டு பேர்கிட்டயும் மன்னிப்புக் கேட்டுட்டு இருந்தார். ரெண்டு குடும்பத்துக்கும் மன்னிப்பு வேணாம், பாத்ரூம் வேணும். மாமா வாசல்லருந்து உள்ள வந்தார். ஒரு பாட்டிம்மாவை முதலாளியோட சொந்த ரூமுக்கே அனுப்பினார். மத்தவங்களுக்கு மாடியில பாய். “அபி, வெந்நீர் வரிசையைப் பாரு.” ரெண்டு நாள்ல என்கிட்ட அவர் பேசின முதல் வார்த்தை. பக்கெட்டோட பறந்தேன்.

மத்தியானம் சுரேஷ்குமார் தானே எழுந்து சாவிக் கொத்தை மாமாகிட்ட நீட்டினார். முதலாளி பாத்துக்கிட்டே இருந்தார், தடுக்கல. மாமா அந்த நாற்காலியில உட்கார்ந்துட்டார்.

ஆகஸ்ட் 10

தூங்கினேன்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

நிஜக் கம்பெனியோட கடிதம் வந்துச்சு. ‘அன்புள்ள உறுப்பினரே.’ மாமா முழுசாக் கேக்கல. “போதும், இதுலருந்து பேரை எடுத்துடு.”

விலகறதுக்கான பட்டனை அமுக்கினேன். ஒரு கட்டம் திறந்துச்சு: ‘ஏன் விலகுகிறீர்கள்? உங்கள் கருத்து எங்களுக்கு மிக முக்கியம்.’ படிச்சுச் சொன்னேன். மாமா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார், நோட்டை எடுத்தார்.

கட்டத்துல ஐந்நூறு எழுத்துதான் பிடிக்கும். மாமா மூணாவது பக்கத்துல இருக்கார். கொஞ்சம் சுருக்கித் தரியான்னு கேட்டார். ரெண்டு தடவை படிச்சேன், வெட்ட ஒரு வரிகூடக் கிடைக்கல.

“கட்டம் கிடக்குது. நீ சொல்லு மாமா, நான் என் டைரியில எழுதிக்கறேன்”னேன்.